மாடியில் கரி அடுப்பு: எந்த அடுப்பு, எந்தக் கரி?

மொட்டை மாடியிலோ கொல்லையிலோ கரி மூட்டி இறைச்சி சுட வேண்டும் என்ற ஆசை இப்போது நிறையப் பேருக்கு இருக்கிறது. கடைக்குப் போனதும் குழப்பம் தொடங்கிவிடும். ஒரு பக்கம் மடக்கி எடுத்துப் போகிற தகரப் பெட்டி அடுப்பு. பக்கத்தில் குண்டாக, மூடி போட்ட கெட்டில் அடுப்பு. அதற்கப்பால் லட்சத்தைத் தொடும் பீங்கான் அடுப்பு. போதாததற்கு, பழைய பேரலை வெட்டிச் செய்துகொள்ளலாம் என்று சொல்கிற நண்பர் ஒருவர் எப்படியும் இருப்பார். கரியிலும் இதே கதைதான். சாக்கில் வரும் கருவேலங்கரி, சிரட்டைக்கரி, அட்டைப் பெட்டியில் வரும் அச்சுக்கரி என்று மூன்று நான்கு வகை கிடைக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு ஒரே ஓர் அடுப்புதான் என்றால் மூடியும், மேலும் கீழும் திறந்து மூடுகிற காற்றுத் துளைகளும் உள்ள கெட்டிலை வாங்குங்கள். கரிக்கு நம்மூர்ச் சீமைக் கருவேலங்கரியே போதும், பெரிய துண்டுகளாகப் பொறுக்கி எடுத்தால். மற்றவை மட்டம் என்பதால் இதைச் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் சிறப்பாகச் செய்கிற வேலை ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் அந்த வேலைதான் அதிகம் நடக்கும் என்றால் என் முடிவு உங்களுக்குப் பொருந்தாது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தணலுக்கு மேலே வைத்துச் சுடுவது வேறு, புகையில் வேகவைப்பது வேறு. சுடுவது நிமிடக் கணக்கு. கம்பித் தட்டின் சூடு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டி, சில சமயம் 300 வரை போகும். மீன், இறால், சீக் கபாப், எலும்பில்லாத கோழித் துண்டு எல்லாம் இதில் அடங்கும். புகையில் வேகவைப்பது மணிக் கணக்கு. மூடிக்குள்ளே 107 முதல் 135 டிகிரிக்குள் நிறுத்தி, தோள்பட்டை மாதிரி நார் அதிகமுள்ள கடினமான பகுதியை மெதுவாக இளக்குவது. நாரிலுள்ள கொலாஜன் என்ற விறைப்பான புரதம் மெத்தென்ற ஜெலட்டினாக மாற நேரம் வேண்டும், அவசரப்படுத்த முடியாது. முதல் வேலைக்கு மூடியே தேவையில்லை. இரண்டாவது வேலை மூடி இல்லாமல் நடக்கவே நடக்காது.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நல்ல கரி புகை விடாது. மரத்தில் புகையாகப் போகக்கூடியதெல்லாம் கரியாகும்போதே போய்விட்டது. நாம் ரசிக்கிற அந்த மணம் இரண்டு வழியில் வருகிறது. இறைச்சியிலிருந்து கொழுப்பும் சாறும் தணலில் சொட்டி எழும் ஆவி ஒன்று, நாமாகத் தணலில் வைக்கிற மரத்துண்டு இன்னொன்று. அதனால் "இந்தக் கரியில் புகை வாசம் தூக்கலாக வரும்" என்று கடைக்காரர் சொன்னால், அது சரியாக வேகாத கரியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி கரியைப் பார்ப்போம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் போனவர்கள் கரிமூட்டத்தைப் பார்த்திருப்பார்கள். சீமைக் கருவேலத்தை வெட்டித் துண்டு போட்டு, குவியலாக அடுக்கி, மேலே தழையோ வைக்கோலோ பரப்பி, ஈரமண் பூசித் தீ வைப்பார்கள். நாள் கணக்கில் அது உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். மண்பூச்சு விரிசல் விட்டுக் காற்று அதிகமாகப் போனால் மொத்தமும் சாம்பல். காற்று போதவில்லை என்றால் பாதி வெந்த கட்டைதான் மிஞ்சும். மூட்டம் போடுகிறவர் இரவும் பகலும் கூடவே இருந்து, எங்கே புகை கசிகிறது, எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்துப் பார்த்து மண்ணை அப்புவார். அவருடைய கவனம்தான் உங்கள் சாக்கிலிருக்கும் கரியின் தரம்.

நிலத்தடி நீரைக் குடிக்கிறது, வேறு எதையும் வளரவிடாது என்று இந்த மரத்தின் மேல் எல்லோருக்கும் கோபம். வேரோடு அகற்றச் சொல்லி வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுப்புக்கென்று வந்தால் இது உயர்ந்த ஜாதிக் கரி. அமெரிக்காவின் டெக்சாஸிலும் மெக்சிகோவின் சொனோராவிலும் மாட்டிறைச்சி சுடுவதற்கென்றே கொண்டாடுகிற மெஸ்கீட் மரம் இதற்கு நெருங்கிய உறவு. இரண்டையும் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் தாவரவியலாளர்கள் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். வைரம் பாய்ந்த மரம் என்பதால் தணல் சூடு அதிகம், நின்றும் எரியும். வெளிநாட்டுப் பெயர் அச்சிட்ட பையில் பல மடங்கு விலை கொடுத்து மெஸ்கீட் கரி வாங்குவதற்கு முன்னால் நம்மூர்ச் சாக்கு ஒன்றை எடுத்துப் பாருங்கள்.

சாக்கைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்த கரி கணீரென்று ஒலிக்கும். மந்தமாகச் சத்தம் வந்தால் ஈரம் ஏறியிருக்கிறது அல்லது சரியாக வேகவில்லை. உடைத்தால் உள்ளே கருத்து மினுமினுக்க வேண்டும். பழுப்பாக மர நிறம் தெரிந்தால் அது பாதி விறகு, கண்ணைக் கரிக்கிற புகை விடும். மூட்டத்தைப் பிரிக்கும்போது தண்ணீர் தெளித்து அணைப்பதுண்டு, மழைக்காலத்தில் கரி தானாகவே ஈரம் இழுக்கும். எடை போட்டு வாங்குகிறவர் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார். வாங்கி வந்ததும் ஒரு நாள் வெயிலில் கொட்டி உலர்த்திவிட்டு, அடியில் கிடக்கும் தூளைச் சலித்து ஒதுக்குங்கள். தூள் அடுப்பின் அடிக்குப் போய்க் காற்றை அடைத்துவிடும். முஷ்டி அளவுத் துண்டுகளைத் தனியாகவும் சின்னவற்றைத் தனியாகவும் பிரித்து வைத்தால் பின்னால் வேலை சுலபம்.

இந்தக் கரிக்கு ஒரு குறை உண்டு. பற்றும்போது பொரியும், பொறி பறக்கும். எல்லாத் துண்டுகளும் வெள்ளையாக நீறு பூக்கும் வரை இறைச்சியைப் பக்கத்தில் கொண்டு வராதீர்கள். ஆடிக் காற்றில் மாடியில் மூட்டினால் கொடியில் காயும் துணியையும் பக்கத்துக் கீற்றுக் கூரையையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிரட்டைக்கரி சுத்தமாக எரியும், புகை மிகக் குறைவு, சட்டென்று சூடேறும். ஆனால் துண்டுகள் மெல்லியவை. வேகமாகத் தீர்ந்து, கம்பி இடுக்கில் விழுந்துவிடும். அரை மணி நேரத்தில் முடிகிற மீனுக்கும் கபாப்புக்கும் அருமை. அதையே அரைத்து அச்சில் அழுத்தி வருகிற கட்டிகள் ஒரே சீராக நெடுநேரம் நிற்கும். ஹூக்காவுக்கென்று விற்கிற, தீக்குச்சி காட்டினாலே பற்றிக்கொள்ளும் வில்லைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் எளிதில் பற்றுவதற்கென்று ரசாயனம் சேர்த்திருப்பார்கள், அது சமையலுக்கு ஆனதல்ல.

அச்சுக்கரி (ஆங்கிலத்தில் பிரிக்கெட்) என்பது கரித்தூளை மாவுப்பசை கலந்து ஒரே அளவில் அழுத்திச் செய்வது. 1897இல் எல்ஸ்வொர்த் ஸ்வோயர் என்பவர் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1920களில் ஹென்றி ஃபோர்டு தன் கார்த் தொழிற்சாலையில் மிஞ்சிய மரக்கழிவைக் கரியாக்கி இதே வடிவில் விற்கத் தொடங்கிய பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவியது. இதன் ஒரே பலம் ஒழுங்கு. ஒவ்வொரு கட்டியும் ஒரே அளவு என்பதால் ஒன்று முடிந்து அடுத்தது பற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கணக்குப் போடலாம். சூடு கருவேலங்கரியை விடச் சற்றுக் குறைவு, சாம்பல் அதிகம். நான்கு மணி நேரத்துக்கு மேல் புகையில் வைக்கப் போகிறீர்கள் என்றால் இது கொடுக்கிற விலைக்குத் தகும். அதற்குக் குறைவான எதற்கும் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: பாய்லருக்கென்று மரத்தூளிலும் கடலைத் தோலிலும் அழுத்திச் செய்கிற பழுப்பு நிறக் கட்டைகளையும் பிரிக்கெட் என்றே விற்கிறார்கள். அவை கரியே அல்ல. வடிவத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

எந்தக் கரியானாலும் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கும் பழக்கத்தை இறைச்சிக்குக் கொண்டுவரக் கூடாது. அந்த வாடை கடைசி வரை நிற்கும். இரண்டு பக்கமும் திறந்த ஓர் உருளை, அடியில் கம்பித் தட்டு, பக்கத்தில் கைப்பிடி: இதுதான் கரி பற்றவைக்கிற சிம்னி. மேலே கரியை நிரப்பி, அடியில் எண்ணெய் தடவிய செய்தித்தாளைக் கசக்கி வைத்துக் கொளுத்தினால் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் தணல் தயார். விசிறவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம்.

சரி, அடுப்புக்கு வருவோம்.

தகரப் பெட்டி அடுப்பைக் குறைத்துப் பேசுகிறவர்கள் அதன் வேலையைச் சரியாகப் பார்க்காதவர்கள். ஜப்பானில் யாக்கிட்டோரி என்று கோழித் துண்டுகளைக் குச்சியில் கோத்துச் சுடுகிற கடைகளில் இருப்பதும் மூடியில்லாத குறுகலான பெட்டிதான். மலேசியா, சிங்கப்பூரில் குச்சியில் கோத்த இறைச்சியைச் சுடுகிற சாத்தே அடுப்பும் அதே கதைதான். கம்பியின் இரு முனையும் பெட்டி விளிம்பில் உட்கார, இறைச்சி மட்டும் தணலுக்கு மேலே தொங்கும். திருப்பித் திருப்பிச் சுடுகிற சின்னத் துண்டுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது. உங்கள் வீட்டில் எப்போதுமே கபாப், மீன், இறால்தான் என்றால் இதை வாங்கிவிட்டு மீதிக் காசை மீனுக்குச் செலவிடுங்கள். எலும்போடு முழு கோழிக்கால் என்று ஆசைப்பட்டால்தான் சிக்கல். வெளியே மசாலா கருகிவிடும், உள்ளே எலும்போரம் சிவப்பாக நிற்கும். பொடி மசாலாவும் வெல்லமும் நேர்த்தணலில் சில நிமிடங்களிலேயே கசந்துவிடும்.

கெட்டில் இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பிறந்தது. சிகாகோவில் வெபர் சகோதரர்கள் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், 1952இல், கப்பல் வழிகாட்டும் மிதவைக்காகச் செய்துகொண்டிருந்த உலோகக் கோளத்தின் ஒரு பாதியை அடுப்பாகவும் மறுபாதியை மூடியாகவும் ஆக்கினார். காற்றிலும் மழையிலும் தன் வீட்டுத் திறந்த அடுப்பு படுத்திய பாடுதான் காரணம். இத்தனை ஆண்டுகளில் அந்த வடிவம் பெரிதாக மாறவில்லை. அடித்துளை வழியாகக் காற்று நுழையும், தணலைத் தொட்டுச் சூடாகும், மூடிக்குள் சுழன்று மேல்துளை வழியாக வெளியேறும். எவ்வளவு காற்று விடுகிறீர்களோ அவ்வளவுதான் தீ. கரிமூட்டக்காரர் மண்ணை வைத்துச் செய்வதை நீங்கள் ஒரு தகட்டை நகர்த்திச் செய்கிறீர்கள்.

ஒரு கோழிக்காலை வைத்தே இதைச் சொல்கிறேன். நீறு பூத்த தணல் முழுவதையும் ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். மறுபக்கம் வெறுமையாக இருக்கட்டும். தணலின் மேல் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு கொய்யாக்கட்டைத் துண்டு. மசாலா தடவிய கால்களை வெறும் பக்கத்தில், தோல் மேலே தெரியும்படி அடுக்கி, மேல்துளை இறைச்சிக்கு நேர் மேலே வருமாறு மூடியை வையுங்கள். அப்போதுதான் சூடும் புகையும் இறைச்சியைத் தாண்டிப் போயாக வேண்டும். முதல் சில நிமிடம் மேல்துளையில் வெள்ளையாக, கெட்டியாகப் புகை வரும். அது கட்டை இன்னும் சரியாகப் பற்றவில்லை என்பதன் அடையாளம். அப்படியே நீடித்தால் இறைச்சி கசக்கும், நாக்கு மரத்த மாதிரி ஆகும். காற்றைக் கொஞ்சம் அதிகம் விட்டால் புகை மெலிந்து, நீலம் தட்டி, கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவுக்கு வரும். அந்தப் புகைதான் நமக்கு வேண்டியது. உள்ளே 180, 200 டிகிரி இருந்தால் முப்பத்தைந்து நாற்பது நிமிடத்தில் வெந்துவிடும். பாதுகாப்புக்கு எலும்போரம் 74 டிகிரி போதும். கால் பகுதிக்கு 80ஐத் தாண்டினால்தான் நார் இளகி ருசி வரும். கடைசியில் இரண்டு நிமிடம் தணலுக்கு நேர் மேலே தோல் கீழே படும்படி காட்டி எடுங்கள். தோல் மொறுமொறுப்பாகும், மசாலா கருகியிருக்காது.

இதே அடுப்பில் புகையில் வேகவைக்க வேண்டும் என்றால் அச்சுக்கரியை ஓரமாக, சுவரை ஒட்டி, இரண்டு வரிசை இரண்டு அடுக்காகப் பாதி வட்டத்துக்கு அடுக்கி ஒரு முனையில் மட்டும் ஏழெட்டுத் தணலை வையுங்கள். நெருப்பு மெதுவாக ஊர்ந்து மறுமுனைக்குப் போக மணிக்கணக்கு ஆகும். கருவேலங்கரியில் அளவு ஒன்றாக இல்லாததால் இந்த அடுக்கு சரிப்படாது. அதற்குப் பதில் பற்றாத கரியை ஓர் ஓரத்தில் குவித்து, உச்சியில் கொஞ்சம் தணலை வைத்தால் மேலிருந்து கீழாகப் பற்றிக்கொண்டு போகும். சூடு 100 டிகிரியைத் தொடும்போதே அடித்துளையைக் கால்வாசிக்குக் குறைத்துவிட வேண்டும். ஏறுகிற சூட்டைத் தடுக்கலாம், ஏறிவிட்ட சூட்டை இறக்குவது பெரிய பாடு.

கெட்டிலில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. சமையல் முடிந்ததும் மேல் கீழ் இரண்டு துளைகளையும் மூடிவிட்டால் தணல் மூச்சடங்கி அணையும். பாதி எரிந்த கருவேலங்கரி அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பற்றும். பெட்டி அடுப்பில் அத்தனையும் எரிந்தே தீரும். கடையில் வாங்கும்போது மூடி விளிம்போடு சரியாக உட்காருகிறதா, துளைத் தகடு முழுவதுமாக மூடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதில் ஓட்டை இருந்தால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. விட்டம் 55 செ.மீ.க்குக் குறைந்தால் தணலுக்கும் இறைச்சிக்கும் இடம் பிரிக்க முடியாது.

பேரல் அடுப்பு புகையில் வேகவைக்கிற வேலைக்குக் கெட்டிலை விடவும் நல்லது, அதில் சந்தேகமில்லை. 200 லிட்டர் பேரலில் அடியில் கரிக்கூடை, அதற்கு இரண்டடி மேலே கம்பித் தட்டு. அந்த உயரமே சூட்டை மட்டுப்படுத்திவிடும். வெல்டிங் பட்டறையில் அரை நாள் வேலை. ஒரே நேரத்தில் நாலைந்து கோழிகளை முழுசாகத் தொங்கவிடலாம், குடும்ப விசேஷத்துக்கு ஏற்றது. ஆனால் பேரலின் பூர்வீகம் தெரிய வேண்டும். ரசாயனமோ பூச்சிமருந்தோ இருந்த பேரல் என்றால் எவ்வளவு கழுவினாலும் வேண்டவே வேண்டாம். உணவு எண்ணெய் வந்த பேரலாக இருந்தாலும் உள்ளே பூச்சு இருந்தால் பெரிய விறகுத் தீ போட்டு முழுவதும் எரித்துச் சுரண்டிய பிறகே பயன்படுத்த வேண்டும். துத்தநாக முலாம் பூசிய தகடும் கம்பியும் சூட்டில் கெட்ட ஆவி விடும், அவையும் ஆகாது. மீன் சுடவோ அவசரத்துக்கு இரண்டு துண்டு வாட்டவோ பேரல் ஒத்துவராது, தணல் அவ்வளவு கீழே இருக்கிறது.

பீங்கான் அடுப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜப்பானிய கமாடோ அடுப்பிலிருந்து வந்த வடிவம். தடித்த சுவர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கரி கொஞ்சமாகத்தான் செலவாகும், இரவு முழுக்க ஒரே சூட்டில் நிற்கும். பனி கொட்டுகிற நாட்டில் அந்தச் சுவர் பெரிய உதவி. வெளியே 35 டிகிரி அடிக்கிற ஊரில் மெல்லிய இரும்புக் கெட்டிலே சூட்டைப் போதுமான அளவு பிடித்துக்கொள்கிறது. அந்த விலை வித்தியாசத்துக்கு இங்கே பெரிய பலன் இல்லை என்பது என் கருத்து. தவிர, நூறு கிலோவைத் தொடும் ஒன்றை மாடிக்கு ஏற்றுவதும், கைதவறினால் விரிசல் விடுவதும் இருக்கிறது.

மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதிக்கு இறைச்சிக்குள் குத்திப் பார்க்கிற வெப்பமானி வாங்குங்கள். ஆட்டுத் தோள்பட்டையைப் புகையில் வைத்தால் உள்சூடு 65, 70 டிகிரிக்கு வந்ததும் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். மேலே கசிகிற ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்விப்பதுதான் காரணம். இது தெரியாதவர்கள் பதறிப்போய்த் தீயைக் கூட்டிக் கெடுத்துவிடுவார்கள். வெள்ளாட்டு இறைச்சியில் கொழுப்பு குறைவு என்பதால் இரண்டு மூன்று மணி நேரப் புகைக்குப் பிறகு வாழையிலையில் வைத்து, கொஞ்சம் சாறு ஊற்றி, மேலே ஃபாயில் சுற்றி மறுபடி அடுப்பில் வைக்க வேண்டும். 93 டிகிரி வந்தால் எலும்பு தானாகக் கழன்று வரும். சுற்றாமல் விட்டால் காய்ந்து சக்கையாகிவிடும். பன்றியின் தோள்பட்டைக்கு இந்தக் கவலை இல்லை, உள்ளேயே கொழுப்பு ஓடியிருக்கும். புகையில் வேகவைக்கப் பழகுகிறவர்கள் அதிலோ கோழியிலோ தொடங்குவது நல்லது.

மரத்துண்டுக்குக் கொய்யாவும் புளியும் நல்லவை, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வேம்பு கசக்கும். அரளி விஷம், கிளையைக் கம்பியாகக்கூடப் பயன்படுத்தக் கூடாது. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் எல்லாம் அடுப்புப் பக்கமே வரக் கூடாது.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் பால்கனியில் இதையெல்லாம் செய்யலாமா என்று கேட்பதுண்டு. வேண்டாம். கரித்தணல் விடுகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. மூடிய பால்கனியிலும் அறையிலும் அது உயிரைப் பறிக்கும். அணைந்தது போலத் தெரிகிற அடுப்பை உள்ளே எடுத்து வைப்பதும் அதே ஆபத்துதான். பொது மாடியில் அனுமதி வாங்க முடிந்தால், தரையில் செங்கல் அடுக்கி மணல் பரப்பி அதன் மேல் அடுப்பை வையுங்கள். இல்லையென்றால் கோழியை அடுப்பிலோ ஓவனிலோ வேகவைத்துவிட்டு வடநாட்டுச் சமையலில் துங்கார் என்று செய்வதைச் செய்யலாம். சட்டிக்கு நடுவே ஒரு சின்னக் கிண்ணம், அதில் நன்றாகக் கனன்ற ஒரே ஒரு கரித்துண்டு, அதன் மேல் அரை ஸ்பூன் நெய். புகை எழுந்ததும் சட்டியை மூடி ஐந்து நிமிடம் வையுங்கள். ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு செய்துவிட்டு, அந்தத் துண்டை உடனே தண்ணீரில் போட்டு அணைத்துவிடுங்கள்.